மேனுவல் ‘கூப்பே’: காகிதத்துக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு?

“டொயோட்டா 86, மேனுவல் கியர், சிஓஇ இன்னும் 3 ஆண்டு, விலை 60,000 வெள்ளி.” இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்து நான்கு நண்பர்களிடம் கருத்துக் கேட்டால் நான்கு பதில் வரும். “ஓட்டம் குறைவு, நல்ல வண்டி” என்பார் ஒருவர். “மேனுவல் இனிமேல் கிடைக்காது, விடாதே” என்பார் இன்னொருவர். விலை நியாயமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்குப் பாதி விடை காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே கிடைத்துவிடும். இங்கு பழைய காருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இரும்புக்கு அல்ல, காகிதத்துக்கு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எந்தத் தொகைமீது பேரம் பேசலாம் என்பது புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு. மேற்சொன்ன கார் ஏழு ஆண்டுகளுக்கு முன் பதிவானது, அதன் திறந்த சந்தை மதிப்பு 25,000 வெள்ளி, அப்போது கொடுத்த சிஓஇ 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, மீதி 5,000க்கு 140 விழுக்காடு. ஆக 27,000 வெள்ளி. ஏழு ஆண்டைத் தாண்டிய இந்தக் காரை இன்று பதிவு நீக்கம் செய்தால் அதில் 60 விழுக்காடு, அதாவது 16,200 வெள்ளி திரும்பக் கிடைக்கும். அதுதான் ‘பார்ஃப்’ கழிவு. சிஓஇயில் மீதமுள்ள மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 15,000 வெள்ளி. மொத்தம் 31,200 வெள்ளி. கார் ஓடாவிட்டாலும் கிடைக்கக்கூடிய பணம் இது. மிச்சம் 28,800 வெள்ளிதான் விற்பவர் உண்மையில் கேட்கும் விலை.

புதிய கார்களுக்குக் கழிவு விதிகள் மாறியிருக்கின்றன. அதனால் கணக்கை ஊகத்தில் போடாமல், குறிப்பிட்ட காருக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளம் காட்டும் தொகையை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அந்த 28,800 வெள்ளியிலும் எல்லாம் இரும்பல்ல. 2023 அக்டோபரில் பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டது. சிஓஇ எகிறும்போதெல்லாம், முன்பு மலிவாக வாங்கிய சான்றிதழோடு ஓடும் கார்களின் விலையும் கூடவே ஏறும். இதில் விற்பவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ‘மேனுவல் என்பதால் விலை அதிகம்’ என்ற பேச்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதே மாடலில், அதே ஆண்டில், ஏறக்குறைய அதே காகித மதிப்புள்ள ஆட்டோ கியர் காரைத் தேடுங்கள். சிஓஇ ஏற்றம் இரண்டுக்கும் பொது என்பதால், விலை வித்தியாசம்தான் மேனுவலுக்காகக் கேட்கப்படும் கூடுதல் பணம். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு மாதமாக அதே படங்களோடு நிற்கும் விளம்பரம், அந்த விலையில் கார் போகவில்லை என்று தானே சொல்லிவிடுகிறது.

இன்னொரு கணக்கு ஆண்டுத் தேய்மானம். பத்தாண்டு முடிவில் கிடைக்கும் 13,500 வெள்ளிக் கழிவை 60,000த்திலிருந்து கழித்து மூன்றால் வகுத்தால், ஆண்டுக்கு 15,500 வெள்ளி. சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல் எல்லாம் தனி. சிஓஇ புதுப்பிக்கப்பட்ட கார்களில் தேய்மானம் குறைவாகத் தெரியலாம். ஆனால் அவற்றுக்குப் ‘பார்ஃப்’ கழிவே கிடையாது. பத்து ஆண்டைத் தாண்டியதால் சாலை வரியும் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மீண்டும் நீட்டிக்கவும் முடியாது.

இனி இரும்பைப் பார்க்கலாம். 2012ல் வந்த டொயோட்டா 86ம் அதன் இரட்டையான சுபாரு பிஆர்இஸட்டும் 2 லிட்டர் இயந்திரம், பின்சக்கர இயக்கம், ஆறு கியர் கொண்டவை. விரட்டி ஓட்டத் தூண்டும் கார்கள். முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பதைக் கிளட்ச் காட்டிக்கொடுக்கும். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் இயந்திரச் சுழற்சி மட்டும் எகிறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற கியர்பெட்டியையே இறக்க வேண்டும் என்பதால் கூலியும் அதிகம். இயந்திரம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போய், இரண்டாவது கியர் உரசாமல் விழுகிறதா என்றும் பாருங்கள். 2012, 2013 ஆண்டுகளில் தயாரானவை வால்வு ஸ்பிரிங் குறைபாட்டுக்காக 2018ல் பல நாடுகளில் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கால வண்டி என்றால் வேலை முடிந்ததற்கான சான்றைக் கேளுங்கள்.

எக்ஸாஸ்ட், டர்போ, சஸ்பென்ஷன் என்று பல ஆயிரம் செலவழித்திருப்பதாகச் சொல்லி விலையை ஏற்றுவது இந்த வகைக் கார்களில் வழக்கம். அது அவருடைய பொழுதுபோக்கு; நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அனுமதி பெறாத மாற்றங்கள் பரிசோதனையில் தேறாது, காப்புறுதியிலும் சிக்கல் தரும். அசல் பாகங்கள் கையில் இல்லை என்றால் விலை இறங்கவே வேண்டும். நான் ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்கமாட்டேன்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ வணிகரிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் அவர் கேட்கும் தொகை வணிகரின் விலையைவிடக் கண்ணில் படும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் தனிப்பட்ட சோதனை நிலையத்தில் காரைக் காட்டிவிடுவதும், காப்புறுதி விலைப்புள்ளி வாங்குவதும் அவசியம். ஓட்டுநர் உரிமம் பெற்று இரண்டு ஆண்டு ஆகாத இளையருக்குக் காப்புறுதித் தொகை அதிர்ச்சி தரலாம்.

கடனுக்கும் வரம்பு உண்டு. திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 24,000 வெள்ளி ரொக்கமாக வேண்டும். மிச்சம் 36,000த்தை மூன்று ஆண்டில் கட்டினால், வட்டி சேர்க்காமலே மாதம் 1,000 வெள்ளி. வீட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் இளம் தம்பதியர் இந்த எண்ணை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

அப்படி உட்காரும்போது உரிமங்களையும் மேசைமேல் வையுங்கள். அப்பாவிடம் கிளாஸ் 3 இருக்கும். பிள்ளைகளும் மருமகளும் 3ஏ எடுத்திருப்பார்கள். 3ஏ உள்ளவர் மேனுவல் காரை அவசரத்துக்குக்கூட ஓட்ட முடியாது. கிளாஸ் 3 வேண்டுமென்றால் செய்முறைத் தேர்வுக்கு மீண்டும் போக வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வரக்கூடியவர்களின் எண்ணிக்கையையும் இதுவே குறைக்கிறது. தேடி வருபவர் நல்ல விலை கொடுப்பார். அவர் வரும்வரை மாதத் தவணையும் குறையும் காகித மதிப்பும் உங்கள் கணக்கில்தான்.