தட்டில் ஆடும் மாடிவீடு

நான்கு தீக்குச்சிகளின் முனைகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளில் செருகினால் ஒரு சதுரம் கிடைக்கும். பக்கவாட்டில் விரலால் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளுங்கள், விட்டுக்கொடுக்காது. பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் இருந்தபோது உருவாக்கிய விளையாட்டு இது. நிலநடுக்கம் தாங்கும் கட்டடத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து மாடிவீடு. தெர்மகோல் பலகைகள் தளங்கள், அவற்றைத் துளைத்து நிற்கும் நான்கு ஈர்க்குச்சிகள் தூண்கள். தளத்துக்கு ஓர் உருண்டை களிமண் வைக்க வேண்டும். எடை இல்லாவிட்டால் ஆட்டம் சரியாகத் தெரியாது. மேல்தளங்களுக்கு நான்கு பக்கமும் அட்டைச் சுவர் ஒட்டிவிட்டு, கீழ்த்தளத்தைத் திறந்தே விடுங்கள். கோலிக்குண்டுகளின் மேல் ஒரு தட்டு, அதன்மேல் வீடு. தட்டை முன்னும் பின்னும் ஆட்டினால், சுவர் உள்ள மாடிகள் மொத்தமாக ஒரே பெட்டியாக நகரும். கீழே உள்ள குச்சிகள் மட்டும் வளைந்து வளைந்து, கடைசியில் வீடு ஒரு பக்கம் சரியும்.

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சில இப்படித்தான் விழுந்தன. கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் விட்டிருந்த கட்டடங்கள் அவற்றில் பல. நம் ஊர் அடுக்குமாடிகளிலும் கீழ்த்தளம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. சென்னையை 2002-இல் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஆனால் வீடு விழுவதற்கு முன்பே ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. எந்த இடம் முதலில் விட்டுப்போனது என்று அவர்களே குனிந்து பார்க்கட்டும். யாராவது ஒரு பிள்ளை தீக்குச்சி முக்கோணத்தை நினைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் குறுக்குக் குச்சி வைக்கும். சாய்வது நின்றுவிடும். இன்னும் வேகமாக ஆட்டினால் இப்போது குச்சி முறியாமல், தெர்மகோலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பலவீனம் தூணிலிருந்து இணைப்புக்குப் போய்விட்டது! எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

பொம்மை வீட்டை வைத்து நிஜக் கட்டடத்தின் வலிமையை அளக்க முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அது காட்டும். அதைச் செய்து முடித்த பிள்ளைகளை, பக்கத்தில் வேலை நடக்கும் ஏதாவது ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போங்கள். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. 90 டிகிரியோடு விட்டால் குலுக்கலில் ரிங் பிரிந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கான்கிரீட் உதிரும். அங்கே கம்பி கட்டுகிறவரிடம் அந்த மடக்கை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.