ஆன்-ரோடு விலைக்குள் இருப்பவை: புதிய கார் வாங்குவோரின் பேரமும் உரிமையும்

புதிய கார் ஒன்றின் விலையாகச் சொல்லப்படுவது ஒற்றைத் தொகை அன்று. உற்பத்தி நிறுவனத்தின் விலை, விற்பனை முகவரின் இலாபப் பங்கு, சரக்கு மற்றும் சேவை வரி ஆகிய மூன்றும் சேர்ந்தது எக்ஸ்-ஷோரூம் விலை எனப்படும். அதன்மேல் மாநில அரசின் ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, முகவர் தம் விருப்பப்படி சேர்க்கும் இனங்கள் ஆகியவை ஏறியபின் கிடைப்பதே ஆன்-ரோடு விலை. வாங்குவோர் பெரும்பாலும் முதல் தொகையில் எவ்வளவு குறைப்பார்கள் என்றே பேரம் பேசுகிறார்கள். ஆனால் அங்கே விட்டுக்கொடுக்கப்படும் 20,000 ரூபாய் இரண்டாம் தொகைக்குள் காப்பீடாகவும் சீட் கவராகவும் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே சட்டப்படி மாறாத இனங்கள் எவை, முகவரின் கையில் இருப்பவை எவை என்று கொட்டேஷன் தாளைப் பிரித்துப் படிப்பதிலேயே நல்ல விலை அடங்கியிருக்கிறது.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடைப்பட்ட வேப்பம்பட்டில் குடியிருந்து காக்களூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளுக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு ஒரே ஷோரூமை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் எந்தப் பதிவு அதிகாரியிடமும் வண்டியைப் பதிவு செய்ய இடமளிக்கிறது. அம்பத்தூரில் வாங்கினாலும் பூந்தமல்லியில் வாங்கினாலும் பதிவுக்குத் தடை வராது என்பதால், ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்துக்கு இரண்டு மூன்று முகவர்களிடம் இனவாரியாக எழுதிய கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுவதே பேரத்தின் முதல் படி. குறிப்பிட்ட தொழிற்சாலைகளின் ஊழியர்களுக்கும் அரசுப் பணியாளர்களுக்கும் கார் நிறுவனங்கள் தரும் கார்ப்பரேட் தள்ளுபடி, கேட்காதவர்களுக்குப் பல நேரங்களில் சொல்லப்படுவதே இல்லை. பணியிட அடையாள அட்டையைக் காட்டிக் கேட்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

வரிகளில் பேரத்துக்கு இடமில்லை என்றாலும் அவற்றை அறியாமல் பேரம் பேச முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் அல்லது 1,500 சிசிக்கு மிகாத டீசல் இயந்திரமும் கொண்ட சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகவும், அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதமாகவும் அமைந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரி, 5 இலட்சம் வரை 12 சதவீதம், 10 இலட்சம் வரை 13, 20 இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் எனப் படிப்படியாக ஏறுகிறது. வருமான வரியைப் போல எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்ற முறை இங்கே இல்லை. முழு விலைக்கும் புதிய விகிதமே பொருந்தும். 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350 ரூபாய். 25,000 ரூபாய் மட்டுமே கூடுதலான அடுத்த ரகத்தை 10,20,000 ரூபாய்க்குத் தேர்ந்தால் வரி 1,83,600 ரூபாயாகிறது. “இன்னும் இருபத்தைந்தாயிரம் போட்டால் டாப் மாடல்” என்று விற்பனையாளர் சொல்லும்போது, உண்மையில் கேட்கப்படுவது ஏறத்தாழ 79,000 ரூபாய். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட விலைக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது மூலத்தில் வசூலிக்கும் வருமான வரி, தனியே பிடிக்கப்படும். அதை ஆண்டுக் கணக்குத் தாக்கலில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் அது செலவு அன்று.

பேரத்துக்கு மிகுந்த இடமிருந்தும் மிகக் குறைவாகப் பேசப்படுவது காப்பீடு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் இட்ட ஆணையின் விளைவாக, புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, கட்டாயமாயிற்று. அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு அது, ஜிஎஸ்டி நீங்கலாக, 10,640 ரூபாய். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடோ நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுவது. 2020 ஆகஸ்ட் முதல் அதை மூன்றாண்டுக்குச் சேர்த்து எடுக்கும் கட்டாயமும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் முகவர்களுக்கு வகுத்த நெறிமுறைகள், ஷோரூமிலேயே பாலிசி எடுத்தாக வேண்டும் என வற்புறுத்துவதை ஏற்பதில்லை. வெளியே இரண்டு நிறுவனங்களின் கட்டணத்தை எழுத்தில் பெற்று மேசைமேல் வைத்தால், ஷோரூம் கட்டணமும் பெரும்பாலும் இறங்கி வரும். பழைய காரை விற்பவர், கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதன்று, தமக்கு உரியது என்பதை நினைவில் கொண்டு, சான்றிதழ் பெற்றுப் புதிய பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அது சொந்தச் சேதக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை குறைக்கும்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ கட்டணம் எனப் பல பெயர்களில் வரும் தொகைகளுக்குச் சட்ட அடிப்படை இல்லை; வண்டியை விற்கத்தக்க நிலையில் ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. கேட்ட மாத்திரத்தில் இவை நீக்கப்படுவதே அவற்றின் தன்மையைக் காட்டிவிடும். குறிப்பிட்ட ஆக்சசரீஸ் தொகுப்பை வாங்கினால்தான் வண்டி என்று சொல்வது, ஒன்றை வாங்க மற்றொன்றை வாங்கக் கட்டாயப்படுத்தும் “கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை”யாக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் வரையறைக்குள் வருகிறது. இலவச ஆக்சசரீஸ் என்பது தள்ளுபடிகளில் மிகவும் மலிவானது. முகவருக்கு அதன் அடக்கவிலை பட்டியல் விலையைவிட வெகு குறைவு. விலைப்பட்டியலிலேயே கழித்துக் காட்டப்படும் தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி வரியும் சேர்ந்து குறையும் என்பதால், ரொக்கக் குறைப்பைக் கேட்டு அதை இன்வாய்ஸில் எழுதச் சொல்வதே சிறந்தது.

“இதற்கு மேல் குறைக்கக் கம்பெனி விடாது” என்ற பதிலுக்கும் ஒரு வழக்கு வரலாறு உண்டு. நிறுவனம் நிர்ணயித்த அளவுக்கு மேல் முகவர்கள் தள்ளுபடி தருவதைத் தடுத்து, மீறியவர்களுக்கு அபராதம் விதித்ததாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் தண்டம் விதித்தது; வாடிக்கையாளர்போல் வேடமிட்டு ஷோரூம்களை வேவு பார்க்கும் ஆட்கள் பயன்படுத்தப்பட்டதையும் அவ்வாணை குறிப்பிட்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் அதை நிபந்தனையுடன் நிறுத்திவைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் ஹூண்டாய்க்கு 2017இல் இதையொத்த குற்றச்சாட்டில் விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் தண்டம் 2018இல் தீர்ப்பாயத்தால் நீக்கப்பட்டது. வழக்குகளின் போக்கு எவ்வாறாயினும், தள்ளுபடியின் உச்சவரம்பு சட்டம் வகுத்தது அன்று என்பது வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி.

காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்கத் தயங்கும் தமிழ்நாட்டு வழக்கத்தால் அம்மாதங்களில் ஷோரூம்களில் கூட்டம் குறைகிறது. நாள் பார்க்காதவருக்கும், ஆடியில் விலை பேசி ஆவணியில் டெலிவரி எடுப்பவருக்கும் அது வாய்ப்பு. மார்கழியோடு ஆண்டு முடிவும் சேர்ந்து வருவதால் அப்போது தரப்படும் பெருந்தள்ளுபடி பழைய ஆண்டு இருப்புக்கானதா என்று பார்க்க வேண்டும். விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் எழுதப்படுகின்றன. 2011 மாடலுக்குப் பணம் செலுத்தியவருக்கு 622 கிலோமீட்டர் ஓடிய 2009 மாடலைக் கொடுத்த கோவா வழக்கில், முகவரின் செயலுக்கு உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்க அதன் பங்கு நிறுவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. முழுத் தொகையைச் செலுத்தும் முன்பே சேசிஸ் எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் எழுதி வாங்குவது இதனால்தான் இன்றியமையாதது. முன்பதிவுப் படிவத்தில் “டெலிவரி நாளின் விலையே பொருந்தும்” என்ற வரி இருக்கிறதா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும்.

கடனில் மாதத் தவணையை மட்டும் பார்ப்பது ஆபத்து. 8 இலட்சத்துக்கு ஐந்தாண்டு 7 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் தவணை 18,000 ரூபாய். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 12.5 சதவீத வட்டி. 2024 அக்டோபர் முதல் கடன் தருவோர் எல்லாச் செலவையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்திருப்பதால், அதைக் கேட்டு வாங்கி வேறொரு வங்கியின் அறிக்கையோடு ஒப்பிடலாம்.

குறை நேர்ந்தால், முதலில் முகவருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துவழி முறையீடு. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிடில், முகவரையும் நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் அனுமதிப்பதால், ஷோரூம் சென்னையில் இருப்பது தடையாகாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. 8 இலட்ச ரூபாய்க்கு வாங்கிய கார் குறித்த மனுவுக்கு விதிக்கப்பட்டுள்ள கட்டணம் 200 ரூபாய்.