பாதி முகவரி போதும்

உலகெங்கும் பதிவாகும் நிலநடுக்கங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறது. கடந்த 30 நாட்களுக்கான கோப்பை இறக்கித் திறந்தால் ஆயிரக்கணக்கான நிகழ்வுகள், ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக நீள்கின்றன. வெளியே ஒரு பட்டியல். அதற்குள் ஒவ்வொரு நிகழ்வும். அந்த நிகழ்வுக்குள் விவரம் தனியாக, அமைவிடம் தனியாக. விவரத்துக்குள் இறங்கினால்தான் அளவும் இடத்தின் பெயரும் கிடைக்கும். நேரம்கூட 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிவினாடிகளாக ஒரு நீண்ட எண்ணாகவே இருக்கிறது. கண்ணால் தேடினால் பொழுது விடிந்துவிடும்.

அளவு 6 அல்லது அதற்கு மேல் பதிவான நடுக்கங்கள் எங்கெங்கே? ஜேசனுக்குள் தேட உதவும் ஜேசன்பாத் மொழியில் இது ஒரே வரி. புலப்பெயர்களை மட்டும் தமிழாக்கித் தருகிறேன்:

$.நிகழ்வுகள்[?@.விவரம்.அளவு >= 6].விவரம்.இடம்

ஜேசன் யூனிகோடில் இயங்குவதால், கோப்பில் பெயர்கள் நிஜமாகவே தமிழில் இருந்தாலும் இந்த வரி அப்படியே வேலை செய்யும்.

டாலர் குறிதான் வேர். தேடல் அங்கே தொடங்குகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு படி உள்ளே இறங்குகிறது. கேள்விக்குறி நிபந்தனை வைக்கிறது. @ என்பது அந்த நொடியில் சோதிக்கப்படும் நிகழ்வு. ஏதோ ஒரு நிகழ்வுக்கு அளவே பதிவாகவில்லை என்றால்? தேடல் தடுக்கி விழாது. நிபந்தனை பொய்யாகிவிடும், அந்த நிகழ்வு விலகிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எப்படித் தேடுவது என்று நாம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை நிகழ்வுகள், எந்த நிகழ்வில் தொடங்கி எதில் முடிப்பது, எதையும் சொல்லவில்லை. வேண்டியதை மட்டும் சொன்னோம். இது எப்படிச் சாத்தியம்? எவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்தாலும், ஜேசனில் ஒவ்வொரு மதிப்புக்கும் வேரிலிருந்து ஒரு பாதை உண்டு. வினவல் என்பது அங்கங்கே இடம் விட்டு எழுதிய முகவரி; விட்ட இடங்களை இயந்திரம் நிரப்பிப் பார்க்கிறது. $..அளவு என்று இரண்டு புள்ளி வைத்தால், எந்த ஆழத்தில் அந்தப் பெயர் இருந்தாலும் எடுத்து வந்துவிடும். ஆனால் அதற்காக மரம் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். பாதை தெரிந்தால் அதையே எழுதுவதுதான் நல்லது.

எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு தரவு வடிவுக்கு எக்ஸ்பாத் என்ற தேடல் மொழி 1999-லேயே வந்துவிட்டது. அதைப் பார்த்து ஸ்டெஃபான் கெஸ்னர் 2007-இல் ஜேசன்பாத்தை முன்வைத்தார். ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டு வெவ்வேறு விடை தந்துகொண்டிருந்தது. 2024-இல்தான் ஆர்எஃப்சி 9535 என்ற பொதுத்தரம் வந்தது. அதற்கு முன்பே, 2012-இல், ஸ்டீஃபன் டோலன் ஜேக்யூ (jq) என்ற ஜேசன் கருவியை வெளியிட்டிருந்தார். அது தேடுவதோடு நிற்பதில்லை. கிடைத்ததைக் கூட்டும், குழுவாக்கும், புதிய வடிவில் அடுக்கித் தரும். கோப்பை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றுவது அதன் வழக்கம். கோப்பு அதற்குப் பெரிதென்றால் ஸ்ட்ரீம் என்ற விருப்பத்தேர்வு இருக்கிறது: பாதையும் மதிப்புமாக ஒவ்வொரு துணுக்காகப் படித்துக்கொண்டே போகும்.

ஜேக்யூ இலவசம், நிலநடுக்கத் தரவும் இலவசம். இரண்டையும் இன்றே இறக்கி, நீங்கள் அறிய விரும்பும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.