தோலுக்கு ஒரு பரீட்சை!

ஆம்பூரில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்கு லாரி போக நாலைந்து மணி நேரம் போதும். ஆனால், லாரியில் உள்ள தோல் கப்பல் ஏற வேண்டுமே! அதற்குக் காகிதம் வேண்டும்.

என்ன தோல், எத்தனை சதுர அடி, என்ன விலை, யாருக்குப் போகிறது என்று ஒரு பட்டியல். எந்தக் கட்டில் எத்தனை தோல் என்று இன்னொரு பட்டியல். இவற்றை வைத்துச் சுங்க இலாகாவுக்குக் கொடுப்பது "ஷிப்பிங் பில்". இப்போது அதைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பி விடுகிறார்கள். சுங்க அதிகாரி "ஏற்றலாம்" என்று உத்தரவு போட்ட பிறகுதான் கப்பல்.

இவை எல்லாச் சரக்குக்கும் உண்டு. தோலுக்கு மட்டும் இன்னொரு காகிதம் இருந்தது. அது, பரீட்சையில் தேறிய சான்றிதழ்!

தோலுக்கு எதற்குப் பரீட்சை?

பாதி வேலை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் முன்பு ஆவாரம் பட்டை போட்டுத் தோலைப் பதனிட்டார்கள். அதை அப்படியே சீமைக்கு அனுப்பினார்கள். அது பாதி வேலை முடிந்த தோல். அதை வாங்கிச் சாயம் ஏற்றி, மெருகு கொடுத்து, பூட்சும் பையும் தைத்துக் காசு பார்த்தவர்கள் வெளிநாட்டார். கழிவு நீர் பாலாற்றுக்கு, லாபம் அக்கரைக்கு!

1973-ல் மத்திய அரசாங்கம் விழித்துக் கொண்டது. பாதி வேலை முடிந்த தோலை இவ்வளவுதான் அனுப்பலாம் என்று அளவு கட்டியது. வரியும் போட்டது. வேலையை இங்கேயே முடித்து அனுப்பினால், நம் ஊர் ஆட்களுக்குக் கூலி கிடைக்கும் அல்லவா?

அடையாளம் தெரியாது

பதனிட்டு உலர்த்தி, கடைசி மெருகு மட்டும் கொடுக்காத தோலுக்கு "கிரஸ்ட்" என்று பெயர். பிற்காலத்தில் அதற்கு நூற்றுக்கு 20 ஏற்றுமதி வரி இருந்தது. மெருகு கொடுத்த தோலுக்கு வரி இல்லை.

அதாவது, ஒரு லட்சம் ரூபாய்த் தோல் "கிரஸ்ட்" என்றால் இருபதாயிரம் ரூபாய் வரி. "மெருகுத் தோல்" என்றால் ஒரு காசு கூட இல்லை. பொய் சொல்ல ஆசை வருமா, வராதா?

சுங்க அதிகாரி கண்ணால் பார்த்துச் சொல்லி விட முடியாது. ஆகவே மாதிரித் தோல் எடுத்து, அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பரீட்சைக்கு விட்டார்கள். "மெருகுத் தோல்தான்" என்று சான்றிதழ் வந்தால்தான் வரி இல்லாமல் போகும். அதுவரை சரக்கு காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் தேதி குறித்து விட்டார், கப்பலும் புறப்படப் போகிறது என்றால், முதலாளிக்கு அன்று இரவு தூக்கம் ஏது?

வரி போயிற்று

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் கிரஸ்ட் தோலுக்கான 20 சதவிகித வரியை அரசாங்கம் நீக்கியது. சிறிய தோல் ஷாப்புக்காரர்கள் ஏற்றுமதி செய்ய வசதியாக இருக்கும் என்று காரணம் சொல்லப்பட்டது. வரியே இல்லாத போது, ஏமாற்று எங்கே? பரீட்சை எதற்கு? அந்த ஆண்டு மே மாதம் கட்டாயச் சான்றிதழும் போயிற்று.

சிறு முதலாளிக்கு இது நிம்மதிதான். மெருகு மெஷினுக்கு லட்சக்கணக்கில் பணம் போட முடியாதவர், கிரஸ்டாகவே விற்றுக் கொள்ளலாம்.

ஆனால், அந்த மெஷினில் நின்று கூலி வாங்குகிறவர் என்ன நினைப்பார்? மெருகு ஏறாமலே தோல் கப்பல் ஏறினால், மெருகு கொடுக்கிற கூலி வெளிநாட்டானுக்குத்தானே? ஆம்பூரில் பூட்சு தைக்கப் போகும் பெண்களுக்கும் தோல் இங்கேயே நிற்க வேண்டும்.

1973-ல் கேட்ட அதே கேள்வி, காகிதம் ஒன்று குறைந்ததும் மறுபடி எழுந்திருக்கிறது.