கைகள் காட்டிய கிளை

'பைனாகுலர் வாங்க வசதியில்லை, பறவை பார்க்கும் நடைக்கு வரலாமா?' என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். தாராளமாக வரலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலருக்குள் சுமார் 7 பாகை அகலம்தான் அடங்கும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தில் அது ஒன்றேகால் மீட்டர். ஏரியின் அக்கரையில் நிற்கும் வாத்துக்கு அந்தக் கருவி வேண்டும்தான். ஊர்ப் பூங்காவில் முதல் வேலை, பறவை எந்தக் கிளையில் என்று கண்டுபிடிப்பது. அதற்குக் காதும், கூட நாலு பேரும் போதும்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பன்னிரண்டு பேர் வெறுங்கையோடு நடந்தோம். 'டுக்... டுக்... டுக்...' என்று நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல், செம்புத் தகட்டைத் தட்டுவதுபோல ஒரு குரல். ஒருவருடைய கைப்பேசிச் செயலி உடனே பெயர் சொல்லிவிட்டது: செம்மார்புக் குக்குறுவான். இந்தச் செயலிகளை ஆகா ஓகோ என்கிறார்கள். பெயர் தெரிந்தால் பறவையைப் பார்த்ததாகிவிடுமா? எந்த மரம் என்று அது சொல்லவில்லை.

அதைச் சொல்வது நம் இரு காதுகள். தெருவின் இரு கோடியில் அண்ணன் வீடும் தம்பி வீடும் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை அண்ணன் வீட்டுக்கு முதலில் வந்தால், வைத்தவர் அந்தக் கோடியிலிருந்து வந்திருக்கிறார். ஒலியும் அப்படித்தான். பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட இரு காதுக்கும் இடையே தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதையும் மூளை கணக்குப் பார்த்துவிடுகிறது! ஆனால் இரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பத்திரிகை வந்தால்? வந்தவர் முன்தெருவா, பின்தெருவா, மாடியிலிருந்து இறங்கினாரா? தெரியாது. அங்கே உதவுவது காதுமடல். அதன் மடிப்புகள், வரும் திசைக்கேற்ப ஒலியை மாற்றி உள்ளே அனுப்புகின்றன. ஆனால் அந்த மாற்றம் கீச்சென்ற உயர் ஒலிகளில்தான் தெளிவாகத் தெரியும். குக்குறுவானின் குரலோ தாழ்ந்தது, ஒரே சுருதி. அதனால்தான் நம்மை அப்படி அலைக்கழிக்கிறது. போதாததற்கு அது தலையைத் திருப்பும்போது குரல் ஏறி இறங்கி, வேறு மரத்துக்குப் பறந்துவிட்டதோ என்று தோன்றவைக்கும்.

வரலாறு வேண்டுவோருக்கு: தாழ்ந்த ஒலிக்குக் கால வித்தியாசம், உயர்ந்த ஒலிக்குச் சத்த வித்தியாசம் என்று 1907இல் விளக்கியவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. அது போதும்.

நாங்கள் பத்தடிக்கு ஒருவராகப் பிரிந்து நின்றோம். எல்லாரும் கண்ணை மூடி, தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பினோம். முன்னா பின்னா என்ற குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு கை நீட்டினோம். கண்ணைத் திறந்தால், இரண்டு கைகள் எதிர்ச்சுவரைக் காட்டின. அது எதிரொலி. மற்ற பத்தும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் போய்ச் சேர்ந்தன. எந்த உயரம் என்று கைகள் சொல்லாது. அடியிலிருந்து கண்ணாலேயே ஏறினோம்.

உச்சியில், பட்டுப்போன கிளை நுனியில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பருத்த பச்சை உருவம். வெயில் நேராக விழுந்ததால் மார்பின் சிவப்பு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. "அலகையே திறக்கலியே, எப்படிக் கத்துது?" என்றாள் கூட வந்த ஒரு சிறுமி. மூடிய அலகோடுதான் அது கூவும். ஒவ்வொரு 'டுக்'குக்கும் தொண்டை புடைத்துப் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது.