ஆதாரம் எங்கே இருக்கிறது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எனக் கேரளத்தின் தமிழக எல்லைக் கிராமங்களில் நிலப் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர். அதற்கு முந்தைய பத்திரம் 'முன்னாதாரம்'. களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் அதே குடும்பத்துக்கு இன்னொரு துண்டு நிலம் இருந்தால், அதற்குப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் வேண்டும். இந்தப் பக்கத்து நிலத்துக்குத் தண்டப்பேரும் (நிலவரிக் கணக்கு எண்) கரம் (வரி) தீர்த்த ரசீதும் வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரியும் வரை இரண்டு பக்கமும் ஒரே நிர்வாகம்தான். இன்று இந்தக் காகிதங்களையெல்லாம் கைபேசியில் படம் பிடித்து, ஒரு பென் டிரைவிலும் போட்டுவிட்டால் பத்திரமாகிவிட்டது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு பாதிதான் சரி. 128 ஜிபி, 1 டிபி என்று நாம் காசு கொடுத்து வாங்குவது கொள்ளளவு மட்டுமே. தகவல் நிலைப்பதற்கு இரண்டு வேலைகள் விடாமல் நடக்க வேண்டும்: படி எடுப்பது, எடுத்த படியை வாசிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது. ஓலைக் காலத்திலிருந்து இன்றுவரை இதில் மாற்றமில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடைக்காரர் '8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ்' என்று சொல்லும்போது இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறார். ரேம் என்பது வேலை செய்யும் மேசை. மின்சாரம் நின்றால் மேசை காலி. ஸ்டோரேஜ் என்பது அலமாரி. அணைத்தாலும் வைத்தது அங்கேயே இருக்கும். இரண்டிலும் அளவின் அடிப்படை பிட், அதாவது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 1 டிபி என்று எழுதிய ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகினால் 931 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அளந்த படி வேறு, நெல் அதேதான்.

அலமாரிகளில் பல வகை. ஹார்டு டிஸ்க்கில் காந்தப் பூச்சு பூசிய தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. எழுதும் முனை அதைத் தொடாமல் மயிரிழையிலும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. கீழே விழுந்தால் அதற்கு ஆபத்து என்பது அதனால்தான். பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றில் சுழலும் பாகம் இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைக்கிறார்கள். அடைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுவதும் கழித்துவிட்ட ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும் என்பதே தொழில்துறை வைத்திருக்கும் அளவுகோல். புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் பீரோவில் பூட்டிப் பத்தாண்டு மறந்துவிடத்தக்க பொருள் அல்ல அது, அதிலும் இரண்டு பருவமழையும் கொட்டும் இந்த ஈரக் காற்றில்.

"ஓலை மட்டும் நூற்றாண்டுகள் நின்றதே, அப்படியானால் கணினியைவிட ஓலைதானே மேல்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகப் பதிவுகளான மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாக இன்றும் இருக்கின்றன. கோட்டைப் பகுதியில் மாநில ஆவணக் காப்பகம் 2022 இறுதியில் ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. ஆனால் அவை தாமாக நிற்கவில்லை. ஓலையைப் பக்குவம் செய்து, எழுத்தாணியால் கீறி, கரி தடவி, அவ்வப்போது புல்தைலம் பூசி, நைந்ததைப் புது ஓலையில் எழுத ஒரு நிறுவனம் தலைமுறை தலைமுறையாக ஆள் வைத்திருந்தது. அந்த வசதி இல்லாத வீடுகளில் இருந்த ஓலைகளைச் செல்லும் கரையானும் தின்றன. நின்றதை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஓலை சாகாதது போலத் தோன்றும். மேலும், கையால் எழுதிய ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். கணினிப் படியில், ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால், ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். ஓலை எழுதியவருக்கு வாய்க்காத வசதி இது, பயன்படுத்தினால்தான் பலன்.

வாசிப்பு என்னும் இரண்டாவது வேலைக்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. எல்லைக்குச் சற்று அப்பால், குமரி மாவட்டத்து முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் விஷ்ணு கோயில் கட்டி, 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் (கல்விக்கூடம்) நிறுவினான். முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கிய விவரம் வரை செப்பேட்டில் இருக்கிறது. அதில் நாள் எப்படிக் குறிக்கப்பட்டது தெரியுமா? கலியுகம் தொடங்கி 14,49,087-ஆவது நாள். எண்ணிப் பார்த்தால் கி.பி. 866 ஜூலை 8 வருகிறது. நம் கைபேசிக்குள் ஓடும் கடிகாரமும் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை இதே முறையில்தான் எண்ணுகிறது. திருவனந்தபுரம் ஹுஜூர் அலுவலகத்தில் (அன்றைய தலைமைச் செயலகத்தில்) இருந்த அந்தச் செப்பேட்டை டி. ஏ. கோபிநாத ராவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்துப் பதிப்பித்தார். செம்பு தாங்கியதால் மட்டும் செய்தி நமக்குக் கிடைத்துவிடவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

கணினியில் இந்தச் சிக்கலின் பெயர் குறியேற்றம். 'நிலம்' என்று யூனிகோடில் எழுதினால், வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் 15 பைட் பிடிக்கும். அதில் 'ல' மட்டும் 224, 174, 178 என்ற மூன்று பைட். மலையாள 'ல' 224, 180, 178. நடுவில் ஒரே ஒரு எண்தான் வேறு. ஆனால் அந்த ஒன்று போதும், தமிழில் தட்டச்சு செய்து தேடினால் மலையாளத்தில் பதிந்த பெயர் அகப்படாமல் போக. யூனிகோடுக்கு முன்பு தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளின் கதையும் இதுதான்: பைட்டுகள் ஒன்றுகூடக் கெடவில்லை, எழுத்துரு இல்லாததால் திரையில் குப்பை. கைபேசிப் படத்துக்கோ வேறு குறை. படம் என்பது புள்ளிகளின் தொகுப்பு. அதில் சர்வே எண் கண்ணுக்குத் தெரியும், கணினியின் சாதாரணத் தேடலுக்குத் தெரியாது. போதாததற்கு, பழைய ஆதாரங்களில் இருப்பது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. 1099 என்று எழுதியிருந்தால் அது 1923-24. கிறித்தவ ஆண்டை வைத்துத் தேடுபவர் எதிரே இருப்பதையே தவறவிடுவார். எந்தக் குறியேற்றம், எந்த ஆண்டுக் கணக்கு என்று தகவலைப் பற்றிச் சொல்லும் தகவலைத்தான் கணினித் துறையினர் மெட்டாடேட்டா என்கிறார்கள்.

"இதையெல்லாம் கிளவுடில் ஏற்றிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" கிளவுட் என்பது வேறொருவர் வாடகைக்கு வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க். அங்கே பல படிகள் எடுத்து வைக்கிறார்கள் என்பது உண்மை; வீட்டுப் பென் டிரைவைவிட அது நம்பகமானது. ஆனால் கணக்குக்கு ஆயுள் உண்டு. இரண்டாண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி வகுத்தது. கணக்கின் உரிமையாளர் இறந்து, கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போனால் ஆதாரமும் அவரோடு போகும். "பதிவு அலுவலகத்தில்தான் நகல் இருக்கிறதே" என்பது இன்னொரு வாதம், முந்தையதைவிட வலுவானது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் அடித்தளமே அதுதான்: பத்திரத்தை முதல் புத்தகத்தில் படி எடுத்துக்கொண்டு அசலை உரியவரிடம் திருப்பித் தந்தார்கள். அரசிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. ஆனால் அந்த ஏற்பாடு வீட்டுப் படியும் இருக்கும் என்று நம்பி வகுக்கப்பட்டது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தில் வீட்டுக் காகிதங்களை இழந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு மறுநகல் கிடைத்தது வேறொரு இடத்தில் வேறொரு படி இருந்ததால்தான்.

கணினித் துறையினர் சொல்லும் 3-2-1 விதி இதே ஏற்பாட்டின் நீட்சி: மூன்று படி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில். அசல் ஆதாரம் பீரோவில், ஸ்கேன் செய்த கோப்பு ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று கிளவுடில் அல்லது மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கும் உறவினர் வீட்டில். கோப்புக்குக் கைபேசி தானாக வைக்கும் எண்ணை விட்டுவிட்டு, கிராமம், சர்வே எண், கொல்லம் ஆண்டு, கிறித்தவ ஆண்டு, வீட்டுப் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலுமாக வைக்கலாம். கரம் கட்டப் போகும் நாளில், ஆண்டுக்கு ஒருமுறை, மூன்றையும் திறந்து பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்குக்கு ஐந்தாறு வயதானால் புதியதில் படி எடுக்கலாம். பிள்ளைகளில் ஒருவருக்காவது பழைய ஆதாரத்தின் மலையாளத்தையும் அதிலுள்ள கொல்லம் ஆண்டையும் படிக்கச் சொல்லித் தரலாம். அதற்கு ஒரு ஜிபிகூடத் தேவையில்லை.