திருப்பதி மலையில் ஓர் இலங்கைப் பாம்பு

ஏழுமலையும் ஆதிசேஷனின் உடல்தான் என்று பாட்டி, தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மலைக்காட்டு மரங்களில் நிஜமாகவே ஒரு பாம்பு வாழ்கிறது. அதுவும் சாதாரணப் பாம்பு இல்லை; மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து போகும் பாம்பு!

மஞ்சள் கலந்த பச்சை உடலில் கருப்புப் பட்டைகள். பெயர், இலங்கைப் பறக்கும் பாம்பு. 1943-ல் மால்கம் ஸ்மித் என்ற அறிஞர் இதைப் பற்றி எழுதினார். அதன்பின் வெகுகாலம், இலங்கையை விட்டால் வேறெங்கும் இது கிடையாது என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அப்போதைய சித்தூர், கடப்பா மாவட்டங்களில் பரவிக் கிடந்த, இந்த ஏழுமலையும் அடங்கிய சேஷாசலம் காட்டில் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து, 2015-ல் ஆய்விதழில் அறிவித்தார்கள்.

சிறகே இல்லாமல் எப்படிப் பறக்கிறது? முதலில் வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு முன்னுடலைக் கீழே தொங்கவிடும். பிறகு ஒரே உந்து! காற்றில் பாய்ந்ததும் விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கிவிடும். அகலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வயிற்றுப் பக்கம் குழிந்து, கவிழ்த்து வைத்த நாட்டு ஓடு மாதிரி ஆகிவிடும். அந்த வடிவம்தான் காற்றில் தாங்குகிறது.

அந்தரத்திலும் பாம்பு சும்மா இருப்பதில்லை, நெளிந்துகொண்டே போகும். ஜேக் சோச்சா என்ற அமெரிக்க விஞ்ஞானி, இதன் உறவுக்காரப் பாம்பைச் சிங்கப்பூரில் உயரமான கோபுரத்திலிருந்து பாயவிட்டுப் படம் பிடித்தார். நெளியாவிட்டால் பாம்பு நிலைதடுமாறிக் கவிழ்ந்துவிடும் என்று அவருடைய குழு 2020-ல் விளக்கியது. ஒன்று மட்டும் இதனால் முடியாது: கிளம்பிய இடத்தைவிட உயரே போவது. ஆகவே 'பறக்கும் பாம்பு' என்பது கொஞ்சம் மிகைதான்!

இறங்கிய மரத்தில் மறுபடி ஏறுவதற்குச் சிரமமே இல்லை. வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்து விளிம்பாக இருப்பதால், மரப்பட்டையின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறிவிடும். பகலில்தான் இரை தேடும். பல்லி, ஓணான் கிடைத்தால் விருந்து. லேசான நஞ்சு உண்டு. ஆனால் நச்சுப் பற்கள் வாயின் பின்பக்கம் இருப்பதால் மனிதர்களுக்கு ஆபத்தில்லை.

சரி, இலங்கைப் பாம்பு திருப்பதிக்கு எப்படி வந்தது? இரு நாடுகளுக்கும் இடையில் உள்ள பாக் நீரிணை ஆழமில்லாத கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். அதற்கு முன்பும் பலமுறை கடல் இப்படி வற்றி ஏறியிருக்கிறது. காட்டு உயிர்கள் அந்த வழியே போய்வந்திருக்கலாம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டிருப்பீர்களே, உயிருள்ள பொன்நிறப் பல்லி திருமலைப் பாறை இடுக்குகளில் இருக்கிறது. அதன் மிக நெருங்கிய சொந்தக்காரப் பல்லி வாழும் ஒரே நாடு எது தெரியுமா? இலங்கைதான்!

நம்மூர்க் கொம்பேறிமூக்கனும் பறக்கும் பாம்புக்கு உறவுதான். அது ஆளைக் கடித்தபின் மரமேறி, செத்தவரின் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பது வெறும் கட்டுக்கதை; அதற்கு நஞ்சே இல்லை. அடுத்தமுறை திருமலைக்கு அலிபிரி படிகளில் ஏறும்போது கிளைகளையும் பாருங்கள். பாம்பு தென்பட்டால் கல்லெடுக்காமல், தள்ளி நின்று ரசியுங்கள்.